நியூயார்க் உலகக் கண்காட்சி 1964–65: என்ன பார்த்தார்கள், என்ன கேட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கண்காட்சி? எங்கே, எப்போது நடந்தது?

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் மெடோஸ் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அங்கேதான் நடந்தது. 1964 ஏப்ரல் 22 முதல் அக்டோபர் 18 வரை முதல் பருவம். குளிர்காலத்துக்கு மூடிவிட்டு, 1965 ஏப்ரல் 21 முதல் அக்டோபர் 17 வரை இரண்டாம் பருவம். 646 ஏக்கர் நிலம், சுமார் 140 அரங்குகள். இரண்டு பருவத்திலும் சேர்த்து 5 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. ஆனால் நடத்தியவர்கள் எதிர்பார்த்தது 7 கோடி.

இதே பூங்காவில் 1939–40இலும் ஓர் உலகக் கண்காட்சி நடந்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நடுவில் நிற்கும் பிரம்மாண்டமான எஃகு பூகோள உருண்டையைப் படத்தில் பார்த்தால், அது 1964.

பல நாடுகள் வரவில்லை என்கிறார்களே, ஏன்?

உண்மைதான். உலகக் கண்காட்சிகளுக்கு பாரிஸில் ஒரு சர்வதேச அமைப்பு உண்டு. ஒரு நாட்டில் பத்து வருடத்துக்கு ஒன்றுதான், ஒரே பருவம்தான், பங்கேற்கும் நாடுகளிடம் இடவாடகை வாங்கக் கூடாது என்பவை அதன் விதிகள். 1962இல் சியாட்டிலில் ஒன்று முடிந்திருந்தது. நியூயார்க் இரண்டு பருவம் நடத்த வேண்டும், வாடகையும் வாங்க வேண்டும் என்றது. பொறுப்பில் இருந்த ராபர்ட் மோசஸ் யாருக்கும் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை. அங்கீகாரம் கிடைக்கவில்லை. சோவியத் ஒன்றியம், கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் பெரிய நாடுகள் பலவும் அரசு முறையில் வரவில்லை.

காலியான இடத்தைப் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் நிரப்பின. கூடவே இந்தியா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளும் இடம் பிடித்தன. இந்தக் கண்காட்சியின் குணத்தைத் தீர்மானித்ததே இந்தக் கலவைதான். ஒரு பக்கம் கார் கம்பெனி கட்டிய சந்திர மண்டலம். நாலு எட்டு வைத்தால் கம்பத்து உச்சியிலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுழன்று இறங்கும் மெக்சிகோ நாட்டு மனிதர்கள்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? உள்ளே போனால் எல்லாம் இலவசமா?

1964இல் பெரியவர்களுக்கு 2 டாலர், குழந்தைகளுக்கு 1 டாலர். அடுத்த வருடம் பெரியவர்களுக்கு 2.50 ஆக்கினார்கள். உள்ளே கம்பெனி அரங்குகள் பெரும்பாலும் இலவசம். சில விளையாட்டுகளுக்கும், பெரிய மேடை நிகழ்ச்சிகளுக்கும் தனி டிக்கெட். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த கதைக்கு இதுதான் ஆணிவேர்.

அதிகக் கூட்டம் எங்கே?

ஜெனரல் மோட்டார்ஸ் அரங்கின் ‘ஃப்யூச்சராமா’வில். மணிக்கணக்கில் வரிசை. உள்ளே போனதும் நகரும் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நாற்காலி மெல்ல ஊர்ந்து, எதிர்கால உலகின் மாதிரிகளைக் காட்டிக்கொண்டே போகும். நிலவில் ஊரும் வண்டிகள், அண்டார்டிகா பனிக்கு அடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம், கடலுக்கு அடியில் தங்கும் விடுதி, பாலைவனத்தில் விவசாயம், கடைசியில் விரைவுச் சாலைகளால் பின்னப்பட்ட ஒரு நகரம்.

அதில் ஒரு காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. அடர்ந்த காடு. முன்னால் ஒரு வண்டி சிவப்பு லேசர் கதிரால் மரங்களை வெட்டி வீழ்த்திக்கொண்டே போகிறது. பின்னால் கட்டடம் போன்ற ஒரு ராட்சத இயந்திரம் வருகிறது. அது நகர நகர, அதன் வாலிலிருந்து நான்கு வழிச் சாலை தயாராக வெளியே வருகிறது! 1964இல் இதைப் பார்த்தவர்கள் கைதட்டும் மனநிலையில் இருந்தார்கள். காடு என்றால் அன்று வழியை மறிக்கிற ஒரு தடை, அவ்வளவுதான். அந்தப் படத்தை இன்று பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தக் காலத்து மனதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு காட்சி போதும்.

டிஸ்னிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வால்ட் டிஸ்னிக்கு இங்கே சொந்த அரங்கு கிடையாது. ஆனால் அதிகம் பேசப்பட்ட அரங்குகளில் நான்கின் உள்ளே இருந்ததெல்லாம் அவருடைய குழுவின் கைவேலை. செலவு ஸ்பான்சர்களுடையது, ஆராய்ச்சி டிஸ்னியுடையது. கண்காட்சி முடிந்ததும் அந்தப் பொருட்களை டிஸ்னிலாண்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது ஆரம்பத்திலேயே போட்ட கணக்கு.

ஃபோர்டு அரங்கில் மக்கள் உண்மையான ஃபோர்டு கார்களிலேயே உட்கார்ந்து, டைனோசர் காலம் முதல் எதிர்காலம் வரை பயணம் போனார்கள். கார்கள் தாமாக ஓடவில்லை. தடத்தில் பதித்த சக்கரங்கள் அடியிலிருந்து தள்ளிவிட்டன. வரிசையில் வந்த கார்களில் அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த மஸ்டாங்கும் உண்டு. தங்களுக்கு மஸ்டாங் கிடைக்க வேண்டுமே என்ற ஆசை வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு இருந்திருக்கும்!

ஜெனரல் எலெக்ட்ரிக் அரங்கில் இன்னொரு புதுமை. நடுவில் மேடை அசையாமல் நிற்கும். பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் வட்டம் மட்டும் ராட்டினம் போலச் சுற்றும். ஆறு பகுதிகள், ஒரு பகுதியில் ஆட்கள் ஏறுவார்கள், ஒன்றில் இறங்குவார்கள், மீதி நான்கில் நாடகம் நடக்கும். பொம்மைக் குடும்பம் ஒன்று, 1890களின் வீட்டிலிருந்து தொடங்கி, மின்சாரம் வரவர வாழ்க்கை எப்படி மாறியது என்று பேசிக்காட்டும். ஒரு காட்சி முடிந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து நீங்கள் அடுத்த காலத்துக்குச் சுழன்று போவீர்கள். ஒரே நேரத்தில் நான்கு காட்சிகளும் ஓடும். யாரும் எழுந்து நடக்க வேண்டியதில்லை.

மற்ற இரண்டும் தனியாகச் சொல்ல வேண்டியவை.

லிங்கன் எழுந்து நின்று பேசினாராமே?

இல்லினாய் மாநில அரங்கில். ஆபிரகாம் லிங்கனின் உருவ பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். 1860இல் உயிரோடு இருக்கும்போதே அவர் முகத்தில் அச்செடுத்த மாதிரி ஒன்று உண்டு; அதை வைத்துத்தான் முகத்தைச் செய்தார்கள். விளக்கு மங்கும். பொம்மை நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, எழுந்து நிற்கும். அரங்கில் மூச்சுவிடும் சத்தம் கூடக் கேட்காது. பிறகு பேசும். ஒரே உரை இல்லை. லிங்கனின் பல உரைகளிலிருந்து எடுத்துக் கோர்த்த வரிகள். குரல், ராயல் டேனோ என்ற நடிகருடையது.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு ‘ஆடியோ அனிமேட்ரானிக்ஸ்’ என்று பெயர். ஒலிநாடாவில் பதிந்த சமிக்ஞைகள் காற்றழுத்தத்தாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் இயங்கும் மூட்டுகளை நேரம் தவறாமல் இயக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் லிங்கன் லேசில் வழிக்கு வரவில்லை. தொடக்க நாளில் திரை திறக்க முடியாமல், சில நாள் தள்ளித்தான் மக்களுக்குக் காட்டினார்கள். உட்கார்ந்த பொம்மையைப் பேச வைப்பது ஒன்று. கனமான உடம்பை எழுப்பி நிறுத்துவது வேறு. எழுந்து நின்ற அந்தச் சில வினாடிகளுக்குத்தான் அத்தனை உழைப்பும்.

‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ இங்கேதான் பிறந்ததா?

ஆமாம். படகில் போய்க்கொண்டே பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடுவதைப் பார்க்கும் சவாரி அது. குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யுனிசெஃபுக்காகப் பெப்சி நிறுவனம் அதைக் கேட்டது. பெப்சி இயக்குநர் குழுவில் இருந்த நடிகை ஜோன் கிராஃபோர்ட் டிஸ்னியிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கையில் இருந்ததோ ஒரு வருடத்துக்கும் குறைவான காலம்.

முதலில் ஒவ்வொரு நாட்டுக் குழந்தைப் பொம்மையும் அந்தந்த நாட்டு தேசிய கீதத்தைப் பாடும் என்று யோசித்திருந்தார்கள். சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தால் ஒரே கூச்சல், காது புளித்தது. அப்புறம் டிஸ்னியின் பாடலாசிரியர்களான ஷெர்மன் சகோதரர்களிடம் ஒரே ஒரு பாட்டு கேட்டார்கள்: எந்த மொழியிலும் பாட முடிய வேண்டும், எந்த இடத்தில் சேர்ந்தாலும் மற்ற குரல்களோடு மோதாமல் இருக்க வேண்டும். படகு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது இரண்டு பக்கமிருந்தும் பாட்டு கேட்கும். அந்த இரண்டும் இசைந்து போவது தற்செயல் இல்லை, திட்டமிட்டுச் செய்தது. அந்த மெட்டு நாள் முழுக்க மண்டைக்குள் சுற்றுகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அது அதன் கட்டமைப்புக்குக் கிடைத்த பாராட்டு என்றுதான் நான் சொல்வேன்.

வண்ணமும் வடிவமும் மேரி ப்ளேர் என்ற ஓவியரின் கற்பனை. உடைகளை வடிவமைத்தவர் ஆலிஸ் டேவிஸ். வெட்டி ஒட்டிய வண்ணக் காகிதம் போல இருக்கும் அந்த உலகம் இன்றும் பழசாகவில்லை. இதற்கு ஒரு டாலருக்கும் குறைவான தனிக் கட்டணம் உண்டு. இருந்தும் கூட்டம் குறையவில்லை. 1966இல் கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது, இன்றும் ஓடுகிறது.

மைக்கேலாஞ்சலோவின் சிலையை நிஜமாகவே கப்பலில் கொண்டுவந்தார்களா?

நிஜம்தான். வாடிகனின் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கும் ‘பியேட்டா’: இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியாள். மைக்கேலாஞ்சலோ இருபதுகளின் நடுவில் செதுக்கியது. 400 வருடத்துக்கு மேல் ரோமை விட்டு நகராத பளிங்கு. பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடைவெளியெல்லாம் பிளாஸ்டிக் நுரை நிரப்பி, ‘கிறிஸ்டோஃபரோ கொலம்போ’ என்ற பயணிகள் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்க வைத்தார்கள்.

வாடிகன் அரங்கில் அதை வைத்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். மேடையை அமைத்தவர் ஜோ மீல்ஸினர், பிராட்வே நாடகங்களுக்கு ஒளியும் அரங்கும் அமைத்தவர். சுற்றிலும் கருநீலம், மேலே சிறு விளக்குகள் மினுக்கும், பின்னணியில் மெல்லிய தேவாலய இசை. சிலைக்கு முன் தடித்த கண்ணாடித் தடுப்பு. மக்கள் நடக்க வேண்டாம். படிப்படியாக உயரும் நகரும் நடைபாதைகளில் நின்றால் போதும். அது அவர்களைச் சிலைக்கு முன்னால் கொண்டுவந்து, நிறுத்தாமல் அப்பால் கொண்டுபோய் விட்டுவிடும். கைகூப்ப எடுத்த கை கீழே இறங்குவதற்குள் தரிசனம் முடிந்துவிடும். கலை விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நீலவெளிச்சம் பளிங்கைக் கெடுக்கிறது என்றார்கள். நியாயமான குறைதான். ஆனால் இரண்டு வருடத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். ரோமுக்கு டிக்கெட் வாங்க வாழ்நாளில் வழியில்லாத எத்தனையோ பேருக்கு அந்தச் சில வினாடி கிடைத்தது. என் மனம் அவர்கள் பக்கம்தான்.

1965 அக்டோபர் 4 அன்று போப் ஆறாம் பவுல் நியூயார்க் வந்தபோது இந்த அரங்குக்கும் வந்தார். பிறகு சிலை பத்திரமாக ரோம் திரும்பியது. அதன் பின் அது வெளியே வரவே இல்லை.

நாற்காலி, நடைபாதை, கார், படகு... எல்லாம் மக்களை நகர்த்திக்கொண்டே இருந்தனவா?

அதுதான் இந்தக் கண்காட்சியின் அசல் கண்டுபிடிப்பு என்பது என் கருத்து. முன்பெல்லாம் கூட்டம் பொருளைச் சுற்றி வரும். இங்கே கூட்டத்தையே மாவு மில்லில் தானியம் போல ஒரு சீராக உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். ஐபிஎம் கணினி நிறுவனத்தின் அரங்கில் இது உச்சம். ஏரோ சாரினன் நிறுவனமும் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியும் வடிவமைத்தது. தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து உருண்டை போல ஒரு முட்டை வடிவக் கூடு, உயரத்தில் நிற்கும். கீழே படிவரிசை இருக்கைகளில் சுமார் 500 பேர் உட்காருவார்கள். அத்தனை பேரையும் அப்படியே இருக்கையோடு அந்த முட்டைக்குள் தூக்கிவிடும். ‘மக்கள் சுவர்’ என்று அதற்குப் பெயர். உள்ளே பல திரைகளில் ஒரே நேரத்தில் படங்கள் ஓடி, கணினி எப்படி ஒரு சிக்கலைப் பிரித்து யோசிக்கிறது என்று விளக்கும்.

ஜான்சன் வாக்ஸ் அரங்கில் மூன்று திரைகளில் ஓடிய குறும்படமும் பெரும் பெயர் பெற்றது. தரைமெழுகு விற்கும் கம்பெனி, படத்தில் மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உலகின் பல மூலைகளில் குழந்தைகள் உயிரோடு இருக்கும் மகிழ்ச்சியைக் காட்டியது, அவ்வளவுதான். சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது.

சரி, நிஜ மனிதர்கள் மேடையேறிய நிகழ்ச்சிகள் என்ன ஆயின?

இங்கேதான் வருத்தம். தனி டிக்கெட் வைத்த பெரிய மேடைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. டெக்சாஸ் அரங்கின் இசைக் கூடத்தில் பிராட்வே வரலாற்றைப் பாட்டும் ஆட்டமுமாகச் சொன்ன நிகழ்ச்சி முதல் கோடையிலேயே மூடியது. ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கில் நடந்த ‘வொண்டர் வேர்ல்ட்’ என்ற மாபெரும் காட்சிக்கும் அதே கதி. முதுகில் ராக்கெட் கட்டிக்கொண்டு ஓர் ஆள் பறந்து காட்டியும் இருக்கைகள் நிரம்பவில்லை. லூசியானா அரங்கில் பழைய ‘மின்ஸ்ட்ரல்’ பாணியில் ஒன்றை அரங்கேற்றினார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த மரபு அது. இந்த முறை கறுப்பு, வெள்ளை நடிகர்கள் சேர்ந்துதான் நடித்தார்கள், ஆனாலும் அந்தப் பெயரே புண். இரண்டே நாளில் நின்றுபோனது.

காரணம் எளிது. பக்கத்திலேயே கம்பெனிகள் இலவசமாகக் காட்டும்போது, வாசலில் ஏற்கனவே 2 டாலர் கொடுத்தவர் இன்னொரு முறை பையில் கை விடுவாரா? டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் இலவச இசை நாடகத்தைப் பாருங்கள். நைலானைப் பற்றிய பாட்டும் ஆட்டமும்தான், ஆனால் நாள் முழுக்க திரும்பத் திரும்ப நடந்தது, கூட்டம் வந்துகொண்டே இருந்தது. மேடையில் நிற்கும் நடிகர் திரையில் இருப்பவரிடம் பேசுவார். ஒரு பொருள் இவர் கையிலிருந்து திரைக்குள் போகும். நொடி பிசகினால் மானம் போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதைப் பிசகாமல் செய்த அந்தப் பெயர் தெரியாத நடிகர்களுக்கு ஒரு கும்பிடு.

நாடுகளின் அரங்குகளில் ஆடல், பாடல் இருந்ததா?

நிறைய. என்னைக் கேட்டால் கண்காட்சியின் உயிர் இங்கேதான் இருந்தது.

ஸ்பெயின் அரங்கைத்தான் பலரும் தலைசிறந்தது என்றார்கள். கோயா, வெலாஸ்கெஸ் ஓவியங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஃப்ளமெங்கோ நடனம். மனுவேலா வர்கஸ், அன்டோனியோ காதெஸ் இருவரும் இங்கே ஆடினார்கள். பின்னாளில் உலகமே கொண்டாடிய காதெஸுக்கு அப்போது வயது 27.

மெக்சிகோவின் பப்பாந்த்லா வட்டாரத்துப் ‘பறப்பவர்கள்’ வானளாவிய கம்பத்தில் ஏறுவார்கள். ஐந்து பேர். தலைவர் உச்சியில், கால் வைக்க மட்டுமே இடம் உள்ள கட்டையில் நின்றபடி, ஒரு கையால் சிறு குழலையும் மறு கையால் சின்னஞ்சிறு மேளத்தையும் ஒன்றாக வாசிப்பார். மற்ற நால்வரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுவார்கள். கம்பத்தில் சுற்றிய கயிறு பிரியப் பிரிய வட்டம் விரியும். ஒருவருக்கு 13 சுற்று என்பது மரபு. நான்கு பேருக்கு 52. அவர்களின் பழைய நாட்காட்டியில் ஒரு முழுச் சுழற்சிக்கு 52 ஆண்டுகள். மழைக்கும் விளைச்சலுக்குமான வேண்டுதல் அது. அதை ஒரு வேடிக்கை போலப் பார்த்துவிட்டு மக்கள் அடுத்த வரிசைக்கு ஓடினார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஆப்பிரிக்க அரங்கில் புருண்டியின் முரசுக் கலைஞர்கள் வந்திருந்தார்கள். நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சியும் அங்கே வாசித்தார்.

குழந்தைகளுக்கு?

சின்கிளேர் எண்ணெய் கம்பெனியின் ஒன்பது டைனோசர்கள். நிஜ அளவில் செய்து ஹட்சன் ஆற்றில் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கு அதுவே ஒரு தனிக் காட்சி. அங்கேயே ஓர் இயந்திரத்தில் காசு போட்டால் சூடான அச்சிலிருந்து குட்டி டைனோசர் ஒன்று விழும். அப்புறம், 80 அடி உயர டயர் வடிவ ராட்டினம். 24 தொட்டில்கள், தொட்டிலுக்கு நாலு பேர்.

என்ன சாப்பிட்டார்கள்?

நினைவில் நின்றது பெல்ஜிய வாஃபிள். மாரிஸ் வெர்மெர்ஷ் என்பவரின் குடும்பம் போட்ட கடை. வெதுவெதுப்பான, தடித்த, குழிகுழியான வாஃபிளின் மேல் அடித்த க்ரீமும் ஸ்ட்ராபெர்ரியும். முதலில் வைத்த பெயர் ‘பிரஸ்ஸல்ஸ் வாஃபிள்’. அந்த ஊர் அமெரிக்கர்களுக்குப் பிடிபடவில்லை; அதனால் ‘பெல்ஜிய’ என்ற பெயரே நிலைத்தது.

தொடக்க நாளில் போராட்டம் நடந்ததா?

நடந்தது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டு நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். கண்காட்சிக்குப் போகும் சாலைகளில் கார்களை நிறுத்தி மறிப்போம் என்று ‘கோர்’ என்ற சம உரிமை இயக்கத்தின் புரூக்ளின் கிளையினர் அறிவித்தார்கள். மறியல் பெரிதாக நடக்கவில்லை, ஆனால் அந்தப் பயமும் கொட்டிய மழையும் கூட்டத்தைக் குறைத்தன. உள்ளே ஜனாதிபதி ஜான்சன் பேசும்போது கோஷங்கள் எழுந்தன. ‘கோர்’ இயக்கத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்மர் உட்படப் பலர் கைதானார்கள். அரங்குகளில் காட்டிய பளபளப்பான நாளைக்கும் வாசலில் நின்றவர்கள் கேட்ட இன்றைக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த ஒரு நாளே காட்டிவிட்டது. அதை விட்டுவிட்டு இந்தக் கண்காட்சியைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை.

படம் தெரியும் தொலைபேசி அப்போதே இருந்ததா?

பெல் தொலைபேசி நிறுவனத்தின் அரங்கில் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு முகம் பார்த்துப் பேசலாம். அதே வருடம் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோவில் பொதுக் கூடங்களும் திறந்தார்கள். மூன்று நிமிடத்துக்கு 16 முதல் 27 டாலர். யாரும் சீந்தவில்லை.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

அந்த எஃகு உருண்டை, யூனிஸ்ஃபியர், 140 அடி உயரத்தில் அங்கேயே நிற்கிறது. பிலிப் ஜான்சன் கட்டிய நியூயார்க் மாநில அரங்கின் தூண்களும் கோபுரங்களும் இருக்கின்றன. டயர் ராட்டினம் மிச்சிகனில் ஒரு நெடுஞ்சாலை ஓரம் வெறும் டயராக நிற்கிறது. டைனோசர்களில் இரண்டு டெக்சாஸில்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், குயின்ஸ் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து இந்தக் கண்காட்சிக்காகச் செய்த நியூயார்க் நகரத்தின் மாதிரி அங்கே இருக்கிறது. 1,200இல் ஒரு பங்கு அளவு, 9,335 சதுர அடியில் ஐந்து பெருநகரப் பகுதிகளும், 8,95,000 கட்டடங்கள். அன்று அதைச் சுற்றி, ஹெலிகாப்டரில் பறப்பது போன்ற ஒரு வண்டி ஓடியது. இன்று நீங்களே நடந்து சுற்றலாம். கடைசியாகப் பெரிய அளவில் புதுப்பித்தது 1992இல். மன்ஹாட்டனின் தென்முனையில் உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களும் ஓர் அடிக்குச் சற்று மேலான உயரத்தில் அப்படியே நிற்கும், அவற்றை எடுக்கவில்லை.